பார்த்து எழுதிய மனச்சோர்வு

கனகசபாபதி முதல்வராக இருந்த கல்லூரியில் மனச்சோர்வு கிடையாது. ஆய்வு தொடங்குவதற்கு முந்தின வாரமே இது முடிவாகி, சிவகாசியில் அவருடைய மருமகன் அச்சகத்தில் நாலு கலரில் நோட்டீஸும் அடித்து வந்துவிட்டது. 'மனச்சோர்வற்ற வளாகம்' என்ற எழுத்துக்குக் கீழே முதல்வர் சிரித்துக்கொண்டிருந்தார். தர மதிப்பீட்டுக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். ஆய்வு ஒன்றுதான் பாக்கி.

அதைச் செய்ய விருதுநகர் நர்சிங் கல்லூரி ஆசிரியை ஹெப்சிபா வந்தாள். இருபத்தொரு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. ஒரு வகுப்பு மாணவிகளுக்குத் தாளைக் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், மனதில் உள்ளதை எழுதினால் போதும் என்றாள். பின்னாலேயே வந்த முதல்வர், "இது இன்டர்னல் மார்க்குல சேரும். ஒழுங்கா எழுதுங்க" என்று ஒரு போடு போட்டுவிட்டு, அவளை டீ குடிக்க அழைத்துப் போனார். அவரது சாதனைகளைக் கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வகுப்பில் மேற்பார்வைக்கு யாரும் இல்லாமல் விட்டுப் போனது அவள் தப்பு.

அன்று சாயங்காலம் வீட்டில் திருத்தினாள். முதல் தாள் நாற்பத்தொன்று. கடுமையான மனச்சோர்வு. அடுத்ததும் நாற்பத்தொன்று. பத்தாவது தாளில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஐம்பத்தெட்டுத் தாளும் நாற்பத்தொன்றுதான். சாக வேண்டும் போலிருக்கிறதா என்ற ஒன்பதாம் கேள்விக்கு எல்லோரும் கூசாமல் 'இரண்டு' போட்டிருந்தார்கள். ஒரே ஒரு தாளில் மட்டும் அந்த 'இரண்டு' மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதப்பட்டிருந்தது.

காலையில் முதல்வருக்கு வியர்த்துவிட்டது.

"அம்பத்தெட்டு பேருக்குமா? என்ன மேடம் சொல்றீக?"

"ஒருத்தருக்குத்தான் சார். மத்தவுக பாத்து எழுதிருக்காக."

"அட, காப்பிதானா! நான் பயந்தே போனேன். இன்னொரு தடவ வைங்க, நானே கூட நிக்கேன்."

"அந்த ஒருத்தர் யாருன்னு தெரியணும் சார்."

"ஒரு ஆளுக்காக ரெண்டாயிரம் நோட்டீஸக் கிழிக்கச் சொல்றீகளா?"

ஹெப்சிபா எழுந்து வகுப்புக்குப் போனாள். வாசலில் நின்ற ரோஜா என்ற மாணவியிடம், யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டாள்.

"எப்பவும் போல மாரிசெல்வியத்தான் மிஸ். பர்ஸ்ட் மார்க்கு. அவ தப்பா எழுத மாட்டா."

"கேள்வியப் படிச்சியா?"

"அதுக்கு எங்க மிஸ் நேரம்?"

மாரிசெல்வி நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பட்டாசு ஊரான தாயில்பட்டிப் பெண். ஹெப்சிபா பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை நீட்டினாள்.

"எம்புட்டு நாளா?"

"போன தீவாளி சீசன்லருந்து மிஸ்."

"வீட்ல சொன்னியா?"

"அம்மாட்ட சொன்னா இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிப் போயி மொட்டை போட்டுருவாக."

"போடட்டும். அதுக்கு முன்னால டாக்டரப் பாப்போம். கூட்டாளிககிட்டயாச்சும் சொல்லப்படாதா?"

"அம்பத்தேழு பேருக்குக் காட்டுனேனே மிஸ். எல்லாரும் எழுதிக்கிட்டாளுக. ஒருத்திகூட என்னடீன்னு கேக்கல."

ஹெப்சிபா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நேராகக் கேட்க வேண்டும் என்று பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவள் அவள்.

"இன்னைக்குச் சாகணும்னு இருக்கா?"

மாரிசெல்வி பரீட்சைக் கேள்விக்கு யோசிப்பது போல யோசித்தாள்.

"இன்னைக்கு இல்ல மிஸ். நாளைக்குன்னா சொல்ல முடியாது."

"அப்ப இன்னைக்கே போவோம். கெளம்பு."

"மத்தியானம் டெஸ்ட் இருக்கு மிஸ். நான் இல்லைன்னா கிளாஸே பெயிலாயிரும்."

"ஆகட்டும்" என்று ஹெப்சிபா அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.