மூன்றாம் அறைப் பெரியவர்

திங்கட்கிழமை காலை முப்பது முட்டையை உடைத்துக் கலக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே போனைத் திறந்த யோன்சிம், தான் பரிமாறிய மேசையின் படத்தின் மேல் யாரோ சிவப்பு வட்டம் போட்டிருப்பதைப் பார்த்தாள். மேசை அவளுடையதுதான், சந்தேகமே வேண்டாம். எள் தூவிய கீரை, வறுத்த கானாங்கெளுத்தி, நடுவில் கொதிக்கிற டோஃபு சட்டி எல்லாம் அவள் கைப்பக்குவம். வட்டத்துக்குள் இருந்தவை இரண்டே கிண்ணங்கள், ஒன்றில் சோறு, ஒன்றில் சூப். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘உயிரோடு இருப்பவருக்கு இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப். இவருக்கு மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். இது திவசப் படையல். மூன்றாம் அறைப் பெரியவர் செத்துப்போனவர்!’ அதற்குக் கீழே நாலாயிரம் பேர் கூடிவிட்டார்கள்.

சனி, ஞாயிறு மாலைகளில் வருகிற தொடர் அது. மொத்தம் ஐம்பது பகுதி, நேற்றோடு பதினான்கு முடிந்திருந்தது. சியோலில் ஒரு பழைய சாப்பாட்டு விடுதி. ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று வந்து சேர்ந்த ஆறு பேர், ஒரே மேசையில் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் குடும்பமாகிவிடுகிற கதை. சியோலை ஒட்டிய பாஜூவில், படப்பிடிப்புக் கூடத்துக்குப் பின்னால் நிற்கும் கன்டெய்னருக்குள் அந்தக் குடும்பத்துக்குச் சமைத்துப்போடுவது யோன்சிம்மின் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் சித்தி. இயக்குநருக்கும் சித்தி, அவளைவிட நாலு வயது மூத்த விளக்குக்காரருக்கும் சித்தி.

எப்படி நடந்தது என்று யோசிக்க நேரமே பிடிக்கவில்லை. அந்தக் காட்சியை எடுத்ததற்கு முதல் நாள்தான் அவள் கணவனின் ஆறாம் வருஷத் திவசம். படையலை இறந்தவருக்கு எதிரில் இருந்துதான் வைப்பார்கள். சோறு, வைக்கிறவளின் இடக்கைப் பக்கம் வரும், அதாவது இறந்தவரின் வலப்பக்கம். கூடத்தில் மூன்றாம் அறைப் பெரியவருக்குச் சுவரோர இடம். பின்னால் போக வழியில்லை, எதிரிலிருந்து எட்டித்தான் வைக்க வேண்டும். எட்டி வைக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒருமுறை இடம் வலம் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். அன்று திருப்பிப் பார்க்காமல் வைத்துவிட்டாள். கேமராக்காரனும் கவனிக்கவில்லை, கிண்ணம் கிண்ணமாகக் குறித்துக்கொள்ளும் உதவி இயக்குநரும் கவனிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்த ஊர் கவனித்துவிட்டது.

பேனைப் பெருமாளாக்க ஊருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஒருவர் பதினான்கு பகுதிகளையும் சல்லடை போட்டுச் சலித்து, பெரியவரிடம் இதுவரை ஒருவரும் பேசியதில்லை, அவர் வெளிக்கதவைத் தாண்டியதில்லை, விடுதிக்காரர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தில் அவர் இல்லை என்று வரிசையாக எழுதியிருந்தார். வேலையற்றவர்கள் என்று யோன்சிம் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் அந்த அரிப்பு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. முள்ளங்கி மூட்டையின் மேல் போனைச் சாய்த்துவைத்து, வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே முதல் பகுதியிலிருந்து ஓடவிட்டாள். இத்தனை நாளும் கேமராவுக்குப் பின்னால் நின்று, சூப்பில் ஆவி வருகிறதா என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது பெரியவரைப் பார்த்தாள். அவர் வருகிறார், உட்காருகிறார், சாப்பிடுகிறார். பக்கத்தில் ஒருத்தி அழுகிறாள், ஒருவன் காதலைச் சொல்கிறான், வீட்டுக்காரி வாடகைக்குக் கத்துகிறாள். எல்லோரும் அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொள்கிறார்கள். ஊர் சொன்னது நிஜம்தான்.

பேயுமில்லை, பிசாசுமில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். சுவரோர இடம் காலியாகத் தெரியக்கூடாது என்பதற்காக உட்காரவைக்கப்பட்டவர் கில்சூ. எழுபத்தொரு வயது, துண்டு வேடங்கள். ஆனாலும் தெரிந்த விஷயத்தையே இப்போது புதிதாகப் பார்ப்பது போலிருந்தது, அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பதினோரு மணிக்குக் கில்சூவே கன்டெய்னருக்குள் தலையை நீட்டினார்.

“உயிரோட இருக்கறவனுக்கு வாய்க்கரிசி போட்ட புண்ணியவதி எங்கே?”

“ஐயோ, கை தவறிப்போச்சு ஐயா. மன்னிச்சிருங்க. அதுக்கு மொத நாள்தான் அவருக்குத் திவசம்…”

“அட, நீ வேற! இன்னைக்குக் காலைல பொதுக்குளியல்ல ஒருத்தன் வந்து என் முதுகைத் தொட்டுப் பாத்தான். சூடா இருந்ததும் மூஞ்சி தொங்கிப்போச்சு அவனுக்கு, பாவம். முப்பத்தெட்டு வருஷமா நடிக்கறேன். செத்த பொறவுதான் என்னை நாலு பேருக்கு அடையாளம் தெரியுது.”

அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. ஒரு கிண்ணம் முட்டையை அவர் முன்னால் வைத்தாள். கூடத்தில் அதற்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம்: அலைவரிசைக்காரர்களுக்கு விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது, பதினெட்டாம் பகுதியில் பெரியவர் ஆவி என்று தெரிந்து எல்லோரும் கதறப்போகிறார்கள், அது முழுக்க அவருடைய பகுதி.

“பக்கம் பக்கமா வசனம் வரும் பாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, செத்தவன் திரும்பி வருவானா?” என்று அவர் முட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

முப்பத்தாறு பகுதி மிச்சமிருந்தது. இந்தப் பேச்சு நிஜமானால் அதில் முப்பத்திரண்டில் சுவரோர இடம் காலி. யோன்சிம் கொஞ்ச நேரம் அவர் சாப்பிடுவதையே பார்த்தாள். எத்தனை தடவை திரும்ப எடுத்தாலும் அத்தனை தடவையும் நிஜமாகவே மென்று விழுங்குகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள், இயக்குநர் ‘கட்’ என்றதும் காகிதக் கோப்பையில் துப்பிவிடுவார்கள். ஏன் என்று இதுவரை அவள் கேட்டதில்லை. இன்று கேட்டாள்.

“வீட்டுல தனியா சாப்பிட்டா இறங்க மாட்டேங்குது. டிவியப் போட்டுட்டு அதுக்கு எதிர்ல உக்காருவேன். இங்க சுத்தி அஞ்சு பேர் இருக்காங்க. அவங்க வசனத்தத்தான் பேசறாங்க, இல்லங்கல. ஆனா மனுஷச் சத்தம் இருக்கில்ல.” கிண்ணத்தை வழித்துவிட்டு எழுந்தார். “நீ வாயத் தொறக்காதே, ஆமா. கை தவறிச்சுன்னு சொன்னா உன் வேலையும் போகும், என் சாவும் போகும்.”

அவர் போன பிறகு அவள் அந்தக் கிண்ணத்தைக் கழுவினாள். தன் கை செய்த வேலையால் ஒரு மனுஷனுக்கு நாலு பேர் பார்க்கிற சாவு கிடைக்கப்போகிறது, நாலு பேரோடு சாப்பிடுகிற சாப்பாடு போகப்போகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்குமா, இரண்டு வாரம் தாங்குமா என்பதை அவள் கணக்குப் போட விரும்பவில்லை.

மூன்று மணிக்கு செரின் வந்து நின்றாள். தொடரை எழுதுகிறவள். எழுத்தாளர்கள் கூடத்துப் பக்கம் எட்டிப்பார்ப்பதே அபூர்வம், அதிலும் சமையல் கன்டெய்னருக்கு வருவதென்றால் சனிப்பெயர்ச்சிதான். தூக்கமில்லாத கண்களோடு கிம்ச்சி வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“சித்தி, திட்ட வரல. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும், மண்டை வெடிச்சிரும் போலிருக்கு. யாரு சொல்லி அப்படி வெச்சீங்க? நான் எழுதாத கதை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

‘எனக்கென்னவோ தோணுச்சும்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையும் நிலைக்கும், பெயரும் கிடைக்கும். யோன்சிம் அடுப்பை அணைத்தாள்.

“கை தவறிருச்சும்மா. யாரும் சொல்லல.” திவசத்தைச் சொன்னாள், சுவரோர இடத்தைச் சொன்னாள்.

“அவ்வளவுதானா?” செரினின் தோள் தொங்கிவிட்டது.

“அவ்வளவுதான். ஆனா காலைலேர்ந்து எல்லாத்தையும் திருப்பிப் பாத்தேன். பேயில்லன்னா, ஏன்மா அவர்கிட்ட ஒருத்தரும் பேசல?”

செரின் மடிக்கணினியைத் திறந்து எதையோ தேடினாள். “அவருக்கு என்ன பேரு வெச்சேன்…” என்று முணுமுணுத்தாள். திரையில் மேலே போனாள், கீழே வந்தாள். பதினான்கு பகுதியிலும் ‘மூன்றாம் அறைப் பெரியவர்’ என்றே இருந்தது. பெயர் வைக்கவே இல்லை.

“போன வாரம் எழுதுனேன் சித்தி. ‘இப்ப நாம ஒரு குடும்பம்’னு ஆறு பேரும் சோஜூ கிளாஸைத் தூக்கறாங்க.”

“அஞ்சு பேரும்மா,” என்றாள் யோன்சிம். “அவரு கிளாஸ் கவுத்துத்தான் இருந்துச்சு. யாரும் ஊத்தல.”

விஷயம் மாலைக்குள் பரவிவிட்டது. தயாரிப்பு மேலாளர் அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள் பார்க்கலாமா என்று அவள் காதுபடவே யாரிடமோ கேட்டார். அதைவிட, கில்சூ இரண்டு நாள் அவளிடம் பேசாமல் இருந்ததுதான் அவளுக்கு வலித்தது. கன்டெய்னர் வழியாகப் போகும்போது வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை புதிய பக்கங்கள் சூடு ஆறாமல் வந்தன. இரவுச் சாப்பாட்டுக் காட்சி. முதல் அறை நர்ஸ் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்: ‘ஐயா, உங்க பேரு என்ன? இத்தனை நாளா நாங்க கேக்கவே இல்லையே.’ அதன் கீழே ‘பெரியவர்’ என்று போட்டு, மிச்சப் பக்கம் வெறுமையாக இருந்தது. அச்சு விட்டுப்போனதென்று நினைத்து உதவி இயக்குநர் செரினுக்குப் போன் போட்டான். ஒலிபெருக்கியில் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“விட்டுப்போகல. அவரு என்ன சொல்வார்னு எனக்கே தெரியல. பேர் சொன்னா அந்தப் பேரோட ஐம்பது வரைக்கும் எழுதறேன். செத்துட்டேன்னு சொன்னா பதினெட்டுல அனுப்பி வெச்சிடறேன். அவரு இஷ்டம்.”

கில்சூ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வெற்றுப் பக்கத்தை வெகுநேரம் படித்தார். பிறகு நேரே கன்டெய்னருக்கு வந்தார்.

“இன்னைக்கு என்ன சூப்?”

“காய்ஞ்ச மீன் ஐயா. முள்ளங்கி போட்டிருக்கேன்.”

“மிளகாய் கம்மியாப் போடு” என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

காட்சி ஆரம்பித்தது. யோன்சிம் வழக்கம்போல கேமராவுக்குப் பின்னால், கையில் கரண்டியோடு. ஆவி வருகிறதா என்று அவள் பார்க்கவில்லை. நர்ஸ் பெண் தன் வரியைக் கேட்டாள். மேசையில் இருந்த மற்றவர்களும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். கில்சூவின் வாயில் சோறு இருந்தது. திடுக்கிட்டது போல ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று மறுகையைக் காட்டினார். இயக்குநர் ‘கட்’ சொல்லவில்லை. நீளக் கழியில் மைக் பிடித்திருந்தவன் ஓர் அடி முன்னால் வந்தான். இதுவரை அந்த மூலைக்குப் போயிராத மைக், மெல்லச் சாய்ந்து, பெரியவரின் நரைத்த தலைக்கு மேல் இறங்கி நின்றது. அவர் மென்று முடிக்கும்வரை அங்கேயே நின்றது.