குழாயில் பேசிய ஆந்தைகள்

இரவு பத்து மணிக்கு மேல் குழாய் ஒலிபெருக்கி பாடக் கூடாது என்பது சட்டம். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில், அம்மன் வீதியுலா கிளம்பும் இரவில், அந்தச் சட்டம் எட்டு மணிக்கே தூங்கிவிடும். ஆனாலும் மேளச் சத்தம் எடுபட வேண்டும் என்று விழாக் கமிட்டித் தலைவர் துரைராசு பாட்டை நிறுத்தச் சொல்லியிருந்தார்.

மைக்செட் வெற்றிசெல்வனுக்கு அது ஓய்வு நேரம். ஜெனரேட்டர் பக்கத்தில் வேனுக்குள் மல்லாந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் ‘ஆந்தைக் கூட்டம்’ குழுவைத் திறந்தான். ஆந்தைகள் மொத்தம் மூன்று. குவைத்தில் கிரேன் ஓட்டும் ராம்கி, தஞ்சாவூரில் ராத்திரி மருந்துக்கடை பார்க்கும் தர்ஷினி, இவன். நேரில் பார்த்ததே இல்லை. தினம் ஓர் அதிசயச் செய்தி, ஒரு பாட்டு என்று நான்கு வருடமாக ஒருவர் தூக்கத்தை ஒருவர் கெடுத்து வந்தார்கள்.

மூன்று குரல்பதிவுகள் காத்திருந்தன. அமுக்கினான். மேளச் சத்தம் தவிர காதில் ஒன்றும் விழவில்லை. ஒலியை முழுசாகக் கூட்டிவிட்டு, ஹெட்போன் செய்தவன் பரம்பரையையே திட்டினான். போன் இன்னும் ஆம்ப்ளிஃபயரின் ப்ளூடூத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அந்த மேதாவிக்கு உறைக்கவில்லை. தென்னைமரங்களில் கட்டிய நான்கு குழாய்களும் ஊருக்கே பேசின.

முதலில் ராம்கி: “மக்களே, ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்!” அடுத்து, பிரியாணி அண்டாவைத் தட்டி அவனே கட்டிய பாட்டு. தவில்காரர் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். சாமி தூக்கியவர்களின் தோள் தானாக ஆடியது. மூன்றாவது தர்ஷினி: “வெற்றி, உங்க மீசை துரைராசு இன்னைக்கும் அதே ஏழு பாட்டுதானா? காதுல உமி அடைச்சிருக்குன்னு நீதானே சொன்னே?”

தவில் நின்றது. அந்த அமைதியில், ஆற்றங்கரைக் குழாயிலிருந்து “நீதானே சொன்னே” என்று எதிரொலி வந்தபோதுதான் வெற்றிசெல்வனுக்கு உயிரே போயிற்று. துரைராசு யாரைக் கூப்பிடுகிறாரோ அவரைத்தான் சுற்றியுள்ள ஆறு ஊரும் கூப்பிடும். அவர் வேண்டாம் என்றால் பெட்டிகளை வீட்டுக்குள் அடுக்கித் துணி காயப்போட வேண்டியதுதான்.

துரைராசு வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். பின்னால் பாதி ஊர்.

“எறங்குடா கீழ.”

இறங்கினான். “தெரியாம நடந்துபோச்சுங்கய்யா…”

“திட்டுறத அப்பறம் வச்சுக்கறேன். மூணு இதயம்னானே, நெசமா?”

“ஆமாங்கய்யா.”

துரைராசு நெஞ்சைத் தடவிக்கொண்டார். மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கிழித்துத் தைத்த இடம் அது. “எனக்கு இருந்ததே ஒண்ணு. அதுலயும் மூணு அடைப்பு. கடல்ல சும்மா கெடக்குற ஜந்துக்கு மூணு இதயம்! இவளுக்கு ஒரு வரைமுறை வேணாம்?” என்று பல்லக்கில் இருந்த அம்மனைக் கை காட்டினார். யாரோ பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு போனைப் பிடுங்கினார். “எங்க அமுக்கணும்?”

வெற்றிசெல்வன் காட்டினான்.

“அம்மாடி, மீசை துரைராசு பேசறேன். காது நல்லாத்தான் கேக்குது. ஆப்பரேசனுக்கு முந்துன ராத்திரி பயத்துல தூக்கமே வரல. அந்த ஏழு பாட்டத்தான் மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டுக் கெடந்தேன். அதான் மாத்த மனசு வரல. வேற நல்லது இருந்தா அனுப்பு, கேட்டுப் பாக்கறேன்.”

சிறிது நேரத்தில் பதில் வந்தது. வெற்றிசெல்வன் அவசரமாக ப்ளூடூத்தை அணைக்கப் போனான். துரைராசு அவன் கையைத் தட்டிவிட்டார்.

“அத ஏன்டா அணைக்கற? ஊரும் கேக்கட்டும். அப்பறம், கீழத்தெருவுக்குச் சரியா கேக்கலையாம். அடுத்த வருசம் ஆறு கொழாயா கட்டு.”