சீமாட்டிக்குச் சொன்னது

குட்டி மடியை முட்டிக்கொண்டிருந்தது. முட்டும், சப்பும், விட்டுவிடும், சுற்றி வந்து மறுபக்கம் முட்டும். ஒரு பெரிய நாயின் உயரம்கூட இல்லை, ஆனால் அது இடிக்கிற சத்தம் கொட்டகை வாசல் வரைக்கும் கேட்டது. பிஸ்கட் கம்பெனியில் வேலை முடிந்து வந்த, அந்த வீட்டின் இளைய மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள். பால் இருக்கிற மடியை எந்தக் குட்டியும் இப்படி இடிக்காது.

தாய் நகரவில்லை. இடுப்பு உயரத்துக்கு மேல் வளராத குட்டை ரகக் குதிரை. உயரம்தான் குறைவு, திமிருக்குக் குறைவில்லை. அதனால்தான் வீட்டில் அவளுக்குச் சீமாட்டி என்று பெயர். கதவு கிறீச்சிட்டாலே காதை மடக்கிக்கொண்டு வாளியைப் பிடுங்க வருவாள். இன்று சுவரோரம் தலையைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

தொட்டியில் தீனி விளிம்புவரை இருந்தது. இளையவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. 'நான் வர்றதுக்குள்ள மறுபடி கொட்டி வச்சிட்டுப் போயிட்டாளா மூத்த மகராசி?' போன வருஷம் இதே கொட்டகையில் ஒரு குதிரை தீனி மூட்டையைக் கிழித்து வயிறு முட்டத் தின்று, குளம்புக்குள் வீக்கம் கண்டு, நிற்க முடியாமலே செத்தது. அதிலிருந்து இந்த வீட்டில் எல்லோருக்கும் நிறைந்த தொட்டியைக் கண்டாலே பயம். யாரும் அதற்கு மேல் ஒரு பிடி போடமாட்டார்கள்.

பிறகு அவள் கண்ணில் காரட் துண்டு பட்டது.

நேற்று மாலை அவளே தவிட்டின் மேல் வைத்த துண்டு. வைத்த இடத்திலேயே இருந்தது. ஓரம் சுருங்கி, நிறம் மங்கி, மேலே ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அப்படியானால் இன்று காலை யாரும் எதுவும் கொட்டவில்லை. நேற்றிலிருந்து இவள் வாய் வைக்கவுமில்லை. தரையில் சாணம் கூழாங்கல்போல நாலைந்து உருண்டைதான் கிடந்தது.

இளையவள் காரட்டை எடுத்து நீட்டினாள்; சீமாட்டி திரும்பியும் பார்க்கவில்லை.

ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு நின்று மாதக் கணக்காகிறது. கொடிக்கயிற்றில் யார் துணி முதலில் காய்வது என்பதில் தொடங்கியது. எங்கே போய் முடிந்தது என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. வீட்டின் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். பின்பக்கக் கொட்டகையைப் பிரிக்க முடியவில்லை. அண்ணன் தம்பி இருவரும் லாரியில் கிளம்பினால் திரும்ப நாளாகும். விடுமுறை நாளில் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துக்கு வண்டி இழுக்கிற குதிரையை மற்ற நாளில் பெண்கள்தான் பார்க்க வேண்டும். காலைத் தீனி மூத்தவள் பொறுப்பு, மாலைத் தீனி இளையவள் பொறுப்பு. கொட்டகை வாசலில் எதிர்ப்பட்டால், சொல்ல வேண்டியதைக் குதிரையிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

இன்று காலையும் மூத்தவள் சொன்னாள். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, இளையவள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்: "சீமாட்டிக்கு இப்பல்லாம் எதுவுமே வாய்க்குப் பிடிக்கிறதில்ல. வச்சது வச்ச இடத்துல அப்படியே கிடக்குது."

அதற்கு முந்தின நாள்தான் மூத்தவள் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய சூப்பை இளையவள் தொடாமல் நடுச்சுவர்மேலேயே விட்டிருந்தாள். அந்தச் சூப்பைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். சும்மாவும் விடவில்லை. குட்டியைப் பார்த்து, "சில பேரு கைப்பக்குவம் அப்படி. நாம என்ன செய்யறது கண்ணு!" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

மூத்தவள் சூப்பைச் சொல்லவில்லை. குதிரையைச் சொல்லியிருக்கிறாள்.

இளையவள் நடுச்சுவரருகே போனாள். 'அக்கா' என்ற சொல் வாயில் வர மறுத்தது. பழக்கம் விட்டுப்போயிருந்தது. உள்ளே குட்டி மறுபடி முட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. சலவைக் கடையில் நாளெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு வந்த மூத்தவள், சண்டைக்குத் தயாராகச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"என்னடி?"

"சீமாட்டி காலையில தின்னாளா?"

"அதான் சொன்னேனே!"

"எங்கிட்ட எங்க சொன்னீங்க? குதிரைகிட்ட சொன்னீங்க!"

"நீ மட்டும் என்ன? 'தின்னு தின்னு நகர முடியாம நிக்கிறா, வயிறு தொங்குது'ன்னு முந்தாநாள் சொல்லல? நான் இருக்கற உடம்புக்கு அது யாரைன்னு எனக்குத் தெரியாதா?"

"ஐயோ அக்கா, நிஜமாவே நகராமத்தான் நின்னா. அவளைத்தான் சொன்னேன்."

மூத்தவள் அந்த உடம்போடு கொட்டகைக்கு ஓடினாள்.

கால்நடை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். வந்ததும் சீமாட்டியின் ஈறை அழுத்திப் பார்த்தார், வயிற்றில் காதை வைத்தார். கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயை ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்தார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டா?"

"காலையில அவங்கதான் வைப்பாங்க டாக்டர்" என்றாள் இளையவள்.

"சாயங்காலம் இவதான் வைப்பா" என்றாள் மூத்தவள்.

"வைக்கிறதைக் கேக்கல. தின்னது எப்போ?"

குட்டி போட்ட அன்று ஆசையாகப் புல் தின்றதை இருவருமே பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு, மற்றவள் வைத்த வேளையில் தின்றிருப்பாள் என்றே ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள்.

"பார்க்கக் குண்டாத்தானே இருக்கா டாக்டர்?" மூத்தவள் கெஞ்சுகிற குரலில் கேட்டாள், யாரோ ஒத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்பதுபோல.

"அதுதான் வம்பு. பால் சுரக்கணும், வயித்துல ஒண்ணுமில்ல. அப்ப உடம்புல இருக்கற கொழுப்பை உருக்கி எடுக்கும். பெரிய குதிரை தாங்கிக்கும். இந்தக் குட்டை ரகத்துக்கு அத்தனையும் ரத்தத்துல வந்து நின்னு ஈரலை அடைச்சிடும்."

அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். சிவப்பு அடியில் இறங்கியிருந்தது. மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் வெள்ளையாக, பால் மாதிரி நின்றது.

மடியில் இல்லாத பால்.

"பிழைக்குமா?"

"தின்னா பிழைக்கும்."

மூக்கு வழியாகக் குழாய் இறக்கிக் கஞ்சி விட்டார். கழுத்தில் குளுக்கோஸ் ஏறியது. குட்டிக்குப் புட்டியில் பால்மாவு கரைத்துக் கொடுக்கச் சொன்னார். போகும்போது விரலை ஆட்டிச் சொன்னார்: "பாவம் பார்த்து மொத்தமா தானியத்தைக் கொட்டிடாதீங்க, குளம்புல இறங்கிடும். பிடி பிடியா, அடிக்கடி. முதல்ல பச்சைப் புல், அப்புறம் கொஞ்சம் குதிரைமசால் தழை. எது பிடிக்குதோ அது. தின்னாளா இல்லையான்னு கண்ணால பாருங்க. தொட்டியைப் பார்க்காதீங்க."

அன்றிரவே இருவரும் வேலைக்கு விடுப்புச் சொன்னார்கள். சாலையோரத்தில் இளம் புல்லைக் கிள்ளி வந்து உள்ளங்கையில் நீட்டுவார்கள். சீமாட்டி முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் இளையவள் புதிதாக ஒரு பிடி கிள்ளி வந்து நீட்டினாள். குட்டி புட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடியும் தாயிடமே போய் நின்றது. அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"தின்னாளா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்.

"இல்லக்கா."

"குடிச்சாளா?"

"வாயை நனைச்சா. அவ்வளவுதான்."

முன்னால் ஆயிரம் குத்தல் பேசியவர்களுக்கு இப்போது இந்த இரண்டு கேள்விக்கு மேல் பேச்சு இல்லை. பயத்தில் குத்தல்கூட மறந்துபோயிற்று.

மறுநாள் மத்தியானம், மூத்தவள் கையில் இருந்த புல்லின் நுனியைச் சீமாட்டி உதட்டால் இழுத்தாள். கையை அசைத்தால் பயந்துவிடுவாளோ என்று மூத்தவள் கண்ணாலேயே இளையவளைக் கூப்பிட்டாள். ஒரு நுனி, பிறகு இன்னொன்று. அந்தப் பிடியை முடிப்பதற்குள் மூத்தவளுக்குக் கால் மரத்துப்போனது.

மாலையில் மருத்துவர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். மேலே நின்ற நீர் இன்னும் கலங்கல்தான், ஆனால் வெள்ளை குறைந்திருந்தது.

"யாரோ பால்ல தண்ணி கலந்துட்டாங்க" என்றாள் மூத்தவள். மருத்துவர் சிரித்தார். இளையவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நல்லதுதானே டாக்டர்? நல்லதுதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நல்லதுதான். இதே மாதிரி தின்னணும்."

அடுத்த நாள் காலை கொட்டகையில் இளையவள் மட்டும் இருந்தாள். சீமாட்டி கொஞ்சம் குதிரைமசாலை மென்றுகொண்டிருந்தாள். அரைபடுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி, இளையவள் குட்டியின் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றது.

புட்டி கையிலிருந்து நழுவியது. சீமாட்டி தலையைத் தூக்கி, காதை விறைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். வாயோரம் ஒரு காம்பு தொங்கியது.

"அக்கா!"

கூப்பிட்டு முடிப்பதற்குள் மூத்தவள் கொட்டகை வாசலில் இருந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. "என்னடி, என்ன ஆச்சு?"

சீமாட்டி மூத்தவளைப் பார்த்தாள். காதை மடக்கினாள். பிறகு தொங்கிய காம்பை உள்ளே இழுத்து மறுபடியும் அரைக்கத் தொடங்கினாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் இளையவள். "திங்கிறா."

"அதை முதல்ல சொல்லேன்டி, பாவி" என்றாள் மூத்தவள். அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.