பரீட்சைக்கு நடுவே ஒரு போட்டோ

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. முதலாம் ஆண்டு மாணவி என்பவள் படிக்க வந்தவள் அல்ல, நாற்காலியை நிரப்ப வந்தவள். யாராவது பேச வந்தால் போதும், எங்களை வகுப்பிலிருந்து அள்ளிக்கொண்டு போய் அரங்கில் கொட்டிவிடுவார்கள். நீர் சேமிப்பு, மன அழுத்தம், தலைமைப் பண்பு, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் கை தட்டினோம். தலைமைப் பண்பு பற்றிப் பேசியவர், பாதிக் கூட்டம் தூங்கி வழிவதைப் பார்த்தும் அசராமல் பேசினார். அதுதான் அந்தப் பண்பு போலிருக்கிறது.

சும்மா கை தட்டுவதைவிடச் சேவை மன்றத்தில் சேர்ந்தால் சர்டிபிகேட்டாவது மிஞ்சுமே என்று சேர்ந்தேன். அம்மா போனில் "சாப்பிட்டியா" என்பதற்கு முன்னால் "சர்டிபிகேட் குடுத்தாங்களா?" என்றுதான் கேட்பாள். மன்றத் தலைவர் மூன்றாம் ஆண்டு மாணவர். கையில் மைக் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோருக்கும் அவர் மைக் அண்ணன். அவருடைய ஆட்சியில் வேலை நடக்கும் முறை இது: முதலில் பேனர் அடிப்பார்கள், பிறகு போட்டோ எடுக்க ஆள் சொல்வார்கள், அதற்கப்புறம் நேரம் இருந்தால் சேவை செய்வார்கள்.

அந்தப் பருவத்தில் பார்வையில்லாத மாணவர்கள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. எழுதுகிறவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. நான் கணக்கு மாணவி. கிடைத்ததோ அரசியல் பாடம். என் வாழ்க்கையில் இவ்வளவு பொருத்தமான தகுதியோடு நான் எந்த வேலைக்கும் போனதில்லை.

அதற்கு முன் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அரங்கைச் சுற்றி நடந்தோம். ஒருத்தி டீ மேசையில் மோதினாள். மைக் அண்ணன் உருக்கமாகப் பேசினார், சிலர் அழுதார்கள். பார்வையில்லாதவர் ஒருவரைக்கூட அழைக்கவில்லை. அவர்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்ற நல்லெண்ணம்தான்.

பரீட்சை அன்று நான் எழுதிக்கொடுக்க வேண்டிய மூன்றாம் ஆண்டு அக்கா கோலைத் தட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். நான் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன்.

"விடும்மா, நானே வர்றேன்."

"பரவால்லக்கா, நான் பயிற்சி எடுத்திருக்கேன்."

பெருமையாக இழுத்துக்கொண்டு மாடி ஏறினேன், ஒரு வராந்தாவில் திரும்பினேன். அக்கா நின்று காற்றை முகர்ந்தாள்.

"எனக்கு இன்னைக்கு அரசியல் பரீட்சை. கெமிஸ்ட்ரி லேபுக்கு எதுக்கு வந்திருக்கோம்?"

அதற்கப்புறம் அவள் முன்னால் போனாள், நான் பின்னால் ஓடினேன். சரியான அறைக்குப் போகும் வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள். சட்டக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த ஒரு தாளில் தேறினால்தான் சேர முடியும்.

அக்கா சொன்ன அழகைக் கேட்க வேண்டும். தடுமாற்றமே இல்லை. கமா எங்கே, பத்தி எங்கே என்பதுவரை சொன்னாள். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். பாதித் தாள் தாண்டியபோது கதவு திறந்தது. மைக் அண்ணன், பேனர், போட்டோகிராபர், துணை முதல்வர் என்று கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தார்கள். பேனரில் 'கண்களாய் இருப்போம்' என்று எழுதியிருந்தது. அறைக் கண்காணிப்பாளர் தடுப்பார் என்று பார்த்தால், அவர் காலரைச் சரிசெய்துகொண்டு ஓரத்தில் வந்து நின்றார்.

"அக்கா, இந்தப் பக்கம் பாருங்க" என்றான் போட்டோகிராபர்.

"எந்தப் பக்கம்?"

"கேமராவப் பாருங்கக்கா" என்று அவன் விளக்கினான்.

"எனக்கு நேரம் போகுது. தயவுசெஞ்சு கிளம்புங்க."

"ரெண்டே நிமிஷம்!" என்றார் மைக் அண்ணன். அவருடைய ரெண்டு நிமிஷத்தை நாங்கள் எல்லோரும் அரங்கில் அனுபவித்தவர்கள். என்னைப் பேனாவைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். நானும் பிடித்தேன். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசிக் கேள்விக்குப் பாதி பதில் எழுதும்போது மணி அடித்தது. நான் கெஞ்சினேன். போட்டோவுக்கு ஒழுங்காகச் சிரித்த அதே கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

ரிசல்ட் வந்தது. அக்கா மயிரிழையில் தவறியிருந்தாள். அவளுடன் தேர்வு அதிகாரியிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"பரீட்சை நடக்கும்போது யாரும் உள்ள வரலன்னு கண்காணிப்பாளர் எழுதிக் குடுத்திருக்காரே. போட்டோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்ததாம். உங்ககிட்ட வேற அத்தாட்சி இருக்கா?"

இல்லை. வெளியே வந்ததும் எனக்கு அழுகை முட்டியது. அக்கா அழவில்லை. வாசல் பக்கம் நடந்தோம். அங்கே மைக் அண்ணனின் சாதனை, அந்தப் பரீட்சை அறைப் போட்டோ, ஓர் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"பேனர்ல நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள்.

"பாதிதான் இருக்கீங்க. மீதிய மைக் அண்ணன் மறைச்சுட்டார். அவரோட பல்லு எல்லாம் இருக்கு. நான் பேனாவத் தூக்கிப் பிடிச்சு இளிக்கிறேன். கண்காணிப்பாளர் மாப்பிள்ளை மாதிரி நிக்கறார்."

"பின்னாடி?"

"கரும்பலகை."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"பாடம், தேதி, ஆரம்பிக்கிற நேரம், முடியிற நேரம்..." என்று படித்துக்கொண்டே வந்தவள் நின்றேன். கரும்பலகைக்கு மேலே சுவர்க் கடிகாரம். அதன் முள் இரண்டு நேரத்துக்கும் நட்டநடுவில் நின்றது. சட்டையில் பித்தான் அறுந்திருந்தால்கூடத் தெரிகிற அளவுக்கு எல்லாவற்றையும் பெரிதாக அடித்திருந்தார்கள்.

"அக்கா!" என்று கத்தினேன்.

"கத்தாத. கயித்த அவுத்து எடு."

நான் ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்க்கும்போது காவலாளி வந்தார். என் மன்றச் சட்டையைப் பார்த்ததும், "அடுத்த பேனரா?" என்று கேட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சட்டை அதுவரை செய்த ஒரே சேவை அதுதான். சுருட்டிய ஃப்ளெக்ஸின் முன்முனையை அக்கா தோளில் வைத்துக்கொண்டாள், பின்முனை என்னிடம். வழி அவளுக்குத்தான் தெரியும்.

தேர்வு அதிகாரியின் அறையில் அதை விரிக்க இரண்டு நாற்காலிகளை வெளியே தள்ள வேண்டியிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கண்காணிப்பாளரின் சிரிப்பைப் பார்த்தார், படத்தில் நின்ற துணை முதல்வரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"வாசல்ல சார். ஊரே பார்த்துடுச்சு" என்றாள் அக்கா.

அக்காவுக்கு மட்டும் அந்தத் தாளை மறுபடி வைத்தார்கள். எழுத என்னையே கேட்டு வாங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கையெழுத்து சகிக்கலதான், ஆனா வேகமா எழுதற" என்றாள், நான் ரொம்ப உருகிவிடக் கூடாது என்று.

அன்று கேள்வித்தாள் கொடுத்த கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மைக் அண்ணன்! புதுப் பேனர்! 'மறுதேர்வு பெற்றுத் தந்த மன்றம்' என்று கொட்டை எழுத்தில். எனக்கு வந்த கோபத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். அக்கா நிதானமாக என் பக்கம் திரும்பினாள்.

"போர்டுல நேரம் எழுதியிருக்கா?"

"இருக்குக்கா."

"கடிகாரம் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப வரச் சொல்லு. கடிகாரம் நல்லாத் தெரியற மாதிரி எடுக்கட்டும்."

மைக் அண்ணன் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த மைக்கை அவர் பையில் போட்டதை நான் அன்றுதான் கண்டேன். பேனரைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பேனாவை எடுத்தேன்.

"எழுது" என்றாள் அக்கா.