மேலும் காண்க

எங்கள் மலையில் யாரும் எடுத்த எடுப்பில் குறை சொல்லிவிட மாட்டார்கள். முதலில் நன்றி, பிறகு நலம் விசாரிப்பு, மறுபடியும் ஒரு நன்றி. வந்த விஷயம் கடைசியில்தான் வரும், அதுவும் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே. கொட்டச்சேட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் இந்த வேலையே கிடைத்தது.

ஒரு மருந்துக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மலையின் கடைவீதியான ஒண்டிக்கடையில், ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள அறையில் உட்கார்ந்தபடி. சர்க்கரை நோயாளிகளுக்கான பக்கம். மாத்திரையின் பெயரை வெளியே சொல்லக் கூடாது, சட்டம் அப்படி. அதனால் நடைப்பயிற்சி, கேழ்வரகுக் களி, சிரித்த முகங்கள் என்று போடுவோம். மாத்திரை அட்டையோடு தருகிற துண்டுச்சீட்டில் எங்கள் பக்கத்தின் பெயர் இருக்கும். சொல்லாமல் சொல்வதில் மலைக்காரர்களுக்குக் கம்பெனி சளைத்ததில்லை.

என் மேலாளர் ஜாபெஸ் சென்னையில் இருக்கிறார். "உங்க ஊர்ப் பேச்சு எனக்குப் புரியாது மேனகா, அதுக்குத்தான் நீங்க" என்பார். வருகிற கமெண்டுகளை நான் மூன்றாகப் பிரிக்க வேண்டும். பாராட்டு என்றால் இதயம் போட்டுப் பதில். கேள்வி என்றால் 'மருத்துவரை அணுகவும்'. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னால் ஒரே நாளுக்குள் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருக்கும் டாக்டர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசுவார்.

ஆடியில் 'நல்ல மாற்றம்' என்று ஒரு போட்டி வைத்தோம். வீட்டில் கண்ட மாற்றத்தை எழுதினால் சர்க்கரை பார்க்கும் மெஷின் பரிசு. ஒரே நாளில் நானூறு கமெண்ட். அதில் ஒன்று ஆராயி என்பவருடையது. போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமே, அப்படி எழுதியது.

"நொம்ப நன்றிங்க. நீங்க எல்லாரும் நல்லா இருக்கோணுங்க. மாத்திரை மாத்துனதுல இருந்து எங்க ஊட்டுக்காரரு நல்லா தூங்கறாருங்க..."

அதற்குப் பக்கத்தில் 'மேலும் காண்க' என்று இருந்தது. நான் தொடவில்லை. இன்னும் முந்நூறு பாக்கி இருந்தது.

பாராட்டு என்று குறித்தேன். உங்கள் வார்த்தையைப் பகிரலாமா என்று கேட்டதற்குச் 'சரிங்க' என்றார். இருந்த 'ங்க'வையெல்லாம் வெட்டி, நல்ல தமிழாக்கி, நீல நிறத்தில் ஒரு படம் செய்தேன். 'என் கணவர் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்.' மேலே கம்பெனி முத்திரை. சாயங்காலத்துக்குள் ஆறாயிரம் இதயம். ஜாபெஸ் கைதட்டும் பொம்மை அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று நாள் கழித்துக் காலை ஒன்பது மணிக்குப் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் படத்தின் கீழே ஆராயி ஆறரைக்கே எழுதியிருந்தார்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. விடியக்காலைல இருந்து எழுப்பறேனுங்க. எந்திரிக்க மாட்டேங்கறாருங்க."

அதற்கும் ஒருவர் இதயம் போட்டிருந்தார். பழைய கமெண்டைத் தேடிப்பிடித்து, இப்போது தொட்டேன்.

"...பகல்லயும் தூங்கறாருங்க. வேர்த்து ஊத்துதுங்க. எழுப்புனா என்னமோ உளர்றாருங்க, சோறு வேண்டாங்கறாருங்க. இது நல்லதுக்குத்தானுங்களா? நொம்ப நன்றிங்க."

 பக்கத்தின் பெயரில் யாரிடமும் விலாசம் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்டேன். 'வெள்ளக்கடைங்க' என்று வந்தது. மூன்று நாளாக என் ஸ்கூட்டர் எட்டும் தூரத்தில்தான் அந்த மனிதர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். 108க்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. யாரும் அவசரப்படவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பெயர் சித்தன். அதைக்கூட அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

"சக்கரை ஒரேயடியா எறங்கியிருக்கும் போலங்க" என்றார் ஆம்புலன்ஸில் வந்தவர். "உளறும்போதே பாத்திருந்தா ரெண்டு டம்ளர் சக்கரைத் தண்ணியிலயே சரியாப் போயிருக்கும்."

ஆராயிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். நான்தான் அந்த ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்ப்பவள் என்றதும், தரையில் உட்கார்ந்திருந்தவர் மரியாதைக்கு எழுந்து நின்றார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"உக்காருங்கக்கா" என்றேன்.

"நேத்தே எஸ்டேட் ஜீப்பைக் கூப்பிடலாம்னு இருந்தேனுங்க" என்றார். "அப்பறம் நீங்க போட்ட படத்தப் பாத்தேனுங்க. நிம்மதியாத் தூங்கறாருன்னு கம்பெனியே எழுதியிருக்குது. அத்தன சனமும் நல்லதுன்னு சொல்லுது. எதுக்கு மனுசன எழுப்பிக்கிட்டுன்னு உட்டுட்டேனுங்க."

 நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ போன் அடித்தது. ஜாபெஸ்.

"காலையில வந்த கமெண்டைப் பாத்தேன். படத்தை எடுத்துடுங்க மேனகா. அந்தக் கமெண்டையும். பாராட்டுன்னுதானே குறிச்சிருக்கீங்க, அப்படியே இருக்கட்டும்."

"அது பாராட்டு இல்லீங்க சார். நான் முழுசாப் படிக்கல."

"வேலை போயிரும்."

"தெரியுமுங்க."

வேலிப் பக்கம் நின்று, பாதுகாப்புப் பிரிவுக்கான படிவத்தை போனிலேயே நிரப்பினேன். முதலில் தெரிவித்தவர் யார்? ஆராயி, மனைவி. கம்பெனிக்கு எப்போது தெரிந்தது? மூன்று நாள் முன்பு. ஏன் தாமதம்? அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதி அனுப்பினேன்.

சனங்கள் வரத் தொடங்கினார்கள். நான் கிளம்பியபோது ஆராயி வாசல்வரை வந்தார்.

"நொம்ப நன்றிங்க" என்றார். "இம்புட்டு தூரம் வந்தீங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். மிச்சத்தையும் சொல்லிவிடட்டும், எவ்வளவு நேரமானாலும் கேட்டுவிட்டுப் போவோம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மறுபடியும் ஒருமுறை நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.