வடித்த எண்ணெய் எவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மாரீஸ்வரன் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தன்னைப் போல வேலைக்காரன் இந்த வட்டாரத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். பதினொன்றரைக்கு அந்த நினைப்பில் மண் விழுந்தது.

கார் அவனுடையதில்லை, மனைவி ரேணுகாதேவியுடையது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் அவளுக்கு இடது கால் மெலிந்துபோயிருந்தது. கிளட்ச் மிதிக்க அந்தக் காலால் ஆகாது. அதனால் கியர் தானாக மாறுகிற பழைய கார் ஒன்றைத் தேடிப் பிடித்து, தன் சம்பளத்தில் போன மாசம் வாங்கினாள். நாளைக்குத் திங்கட்கிழமை. பாலவனத்தம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்கிறாள். தானே கார் ஓட்டிப் போய் அந்த வாசலில் இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்ன ஆசை, வைராக்கியம்.

பதினாலு வருஷமாக அதே பள்ளிக்கூடத்துக்கு அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனவள் அவள். காலையில் கொண்டுபோய் விடுவதில் குறையில்லை. சாயங்காலம்தான் வம்பு. நாலு இருபதுக்கு வர வேண்டியவன் ஐந்தரைக்கு வருவான். வழியில் ஒருவர் கிணற்றில் மோட்டார் ஓடாது, இன்னொருவருக்கு உர மூட்டையைத் தூக்கிவிட ஆள் வேண்டும். யார் எதைக் கேட்டாலும் மாரீஸ்வரன் வாயில் ‘முடியாது’ வராது. தங்கமான மனுஷன் என்று ஊரே சொன்னது. அந்தத் தங்கத்துக்காகப் பள்ளிக்கூட வாசலில் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றவளை ஊருக்குத் தெரியாது.

போன வாரம் கார் வெட்டி வெட்டி ஓட ஆரம்பித்தது. அருப்புக்கோட்டையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சி, கியர் ஆயிலை மாற்றினால் சரியாகும், பட்டறையில் விடுங்கள் என்றார். மாரீஸ்வரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“மூணு டிராக்டருக்கு நானே மாத்திருக்கேன். இந்தத் தீப்பெட்டிக்குப் போயி பட்டறையா?”

“அப்பச் செரி. எம்புட்டு வடியுதோ அத அளந்து அம்புட்டுத்தான் தம்பி ஊத்தணும். இந்த வண்டியில அளவு பாக்குற குச்சி கெடையாது. கூடுனா நுரைச்சுப் போகும், கொறஞ்சா கியர் பொட்டியே போயிரும்.”

மாரீஸ்வரன் தலையை ஆட்டிவிட்டு ஒரு லிட்டர் ஆயில் டப்பா ஐந்தோடு வந்து சேர்ந்தான். காதில் வாங்கினானா என்பது வேறு விஷயம்.

அடி நட்டைக் கழற்றி, கறுத்துப்போயிருந்த பழைய ஆயிலை அலுமினியப் பேசினில் வடித்தான். கடைசிச் சொட்டு விழுவதற்குள் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் வந்து நின்றாள். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். அந்த ஊரில் எந்த வண்டியில் ஆயில் இறக்கினாலும் மோப்பம் பிடித்து யாராவது வந்துவிடுவார்கள். கழிவு ஆயிலைப் பூசிவிட்டால் மரத்தில் கரையான் அண்டாது, அதனால் அதற்கு அத்தனை கிராக்கி.

“தம்பி, மாட்டுக் கொட்டாயிக் காலு பூராம் கரையான் ஏறிக் கெடக்கு. இந்த ஆயிலு எனக்கு.”

“எடுத்துட்டுப் போங்க மதினி,” என்றான், காருக்கு அடியிலிருந்து முகத்தைக்கூட வெளியே நீட்டாமல்.

அவள் பேசினோடு போய்விட்டாள். இவன் நட்டை முடுக்கினான், மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான், டீக்கடைக்குப் போய் ஊர்க்கதை பேசினான், பீடி பற்றவைத்தான், அதையும் முடித்துவிட்டு வந்து புது டப்பாவைத் திறந்து புனலை வைத்தான். அப்போதுதான் அண்ணாச்சி சொன்னது மண்டையில் உறைத்தது. வடிந்தது எவ்வளவு?

அண்ணாச்சிக்குப் போன் போட்டான்.

“எங்கிட்டக் கேட்டா? முன்னால வச்சிருந்தவரு எம்புட்டு ஊத்தி வச்சிருந்தாரோ! வடிச்ச ஆயிலு எங்க?”

“அது வந்து…”

“குடுத்துட்டீகளா?” என்றார் அவர். இந்தப் பக்கத்து ஆட்களை அவருக்குத் தெரியும். “அப்ப வண்டியக் கட்டி இழுத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போங்க. ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கெழம, ஒருத்தரும் தெறந்திருக்க மாட்டாக.”

தங்கத்தாய் வீட்டுக்கு ஓடினான். கொட்டகைக் கால்கள் நாலும் பளபளவென்று கறுப்பாக நின்றன. ஆளைக் காணோம். போன் உள்ளே அடித்துக்கொண்டே கிடந்தது. அடுத்த தெரு மொக்கையன் வீட்டுப் பக்கம் போனாள் என்றார்கள். அங்கே போனால் மொக்கையன் வீட்டு நிலைப்படியும் பளபளக்கிறது! பாதி ஆயில் அங்கே போயிருக்கிறது. அவள் தீவனம் எடுக்க மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறிவிட்டாளாம். சாயங்காலப் பால் நேரத்துக்குத்தான் வருவாளாம்.

பேசினில் எண்ணெய் நின்ற தடம் இருக்குமே, அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். வீட்டுக்கு ஓடி வந்தான். கொல்லைப்பக்கம் ரேணுகா பேசினோடு நின்றாள். தங்கத்தாய் சாம்பலும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்ததில் வெள்ளி மாதிரி மின்னியது பேசின். வாங்கின ஏனத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று ஆறு முருங்கைக்காய் வேறு.

“அக்கா எப்பவோ குடுத்துட்டுப் போச்சு. எதுக்கு இப்பிடி ஓடியாறீங்க?”

சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் முருங்கைக்காயைத் தரையில் வைத்தாள்.

“அது யாரு வண்டி?”

“உன் வண்டிதான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கழிவு ஆயிலுதான ரேணுகா…”

“கழிவோ எழவோ, என்னோடது. ஊருக்கெல்லாம் வாரிக் குடுக்குறதுக்கு என்னோடதுதான் கெடைக்குமா? என் நேரத்தையும் இப்பிடித்தான் குடுத்தீங்க. பதினாலு வருசம்!”

அவன் பேசினை வாங்கிக்கொண்டான். பேசினில் தண்ணீர் ஊற்றி, ‘இம்புட்டு இருந்துச்சோ, இல்ல இம்புட்டோ’ என்று குத்துமதிப்பாக விரல் வைத்துப் பார்த்தான். ஒரு தடவை மூணு லிட்டர் வந்தது, மறுதடவை நாலரை.

“உங்க கண்ணுதான, அஞ்சரையவே நாலு இருபதுன்னு பாக்குற கண்ணு,” என்றாள் ரேணுகா. எரிச்சலில் அவன் தண்ணீரைக் கரிசல் மண்ணில் கொட்டினான். தன் மேலேயே அவனுக்கு அப்படியொரு ஆத்திரம். சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கத்தாய் பால் கேனோடு வந்தாள்.

“என்ன தம்பி, ஊரெல்லாம் தேடுனியாம்?”

“மதினி, அந்த ஆயிலு சுமாரா எம்புட்டு இருந்திருக்கும்?”

“அதென்ன சுமாரா? மொக்கையனுக்குப் பங்கு குடுக்கணும்ல, கண்ணளவாவா குடுப்பேன்? கைப்பிடி ஒடைஞ்ச பழைய பால் குவளையில அளந்தேன். அரை லிட்டர்க் குவளைக்கு ஏழு. எனக்கு நாலு, அவனுக்கு மூணு. சொட்டுக் கொறையாது.”

மூன்றரை லிட்டர். அவள் காலில் விழாத குறை. குவளையை வாங்கி வந்து ஏழு தடவை அளந்து ஊற்றினான். ஒவ்வொன்றையும் ரேணுகா பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினாள். பிறகு வண்டியில் ஏறிக் கிளப்பினாள். பின்னால் போனது. முன்னால் வந்தது. தெருக்கோடி வரை போய்த் திரும்பியும் ஒரு வெட்டு இல்லை.

“தம்பி, மிச்ச ஆயிலு கெடக்கே,” என்று தங்கத்தாய் ஆரம்பித்தாள்.

“எடுத்து…” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “ரேணுகா ஆயிலு மதினி. அவளக் கேளுங்க.”

“காலி டப்பா மூணையும் எடுத்துக்கங்கக்கா,” என்றாள் ரேணுகா. “ஆயிலு எனக்கு வேணும்.”

திங்கட்கிழமை காலை அவள் புறப்படும்போது, “நாலு இருபதுக்கு வாரேன்,” என்றான் பழக்கதோஷத்தில்.

“எதுக்கு?” என்றாள் அவள். கார் போய்விட்டது.

அன்றைக்கு அவனுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. நாலு இருபதுக்கே, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் போய் நின்றான். ஏழு குவளையைச் சரியாகத்தான் ஊற்றினோமா, நடுவழியில் நின்றிருந்தால் அந்தக் காலோடு அவள் என்ன செய்வாள் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார ஒரு நிழல் இல்லை. மோட்டாரைப் பார்க்கக் கூப்பிட்ட வெள்ளத்துரையிடம் வாழ்க்கையில் முதல் தடவையாக முடியாது என்றான். ஐந்தேகாலுக்குத்தான் அவள் கார் வந்தது. முதல் நாள், கையெழுத்துப் போடவே அத்தனை நேரம் ஆகிவிட்டதாம்.

கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தாள்.

“எம்புட்டு நேரமா நிக்கிறீங்க? கால் வலிக்கலையா?”

பதினாலு வருஷத்தில் அவன் அவளிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது.