இரண்டு பிரிட்மார்கள்

நிலக்கணக்குச் சபை கூடும் நாளன்று விடிந்ததுமே, பண்ணைக் காரியக்காரன் தூரோல்டின் ஆட்கள் கிழவர் ஓர்ட்காரை வீட்டுக்குள்ளிருந்து இழுத்துப்போட்டு, கதிரடிக்கும் கழியால் தாடையை உடைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சேவரு ஓடி வந்தபோது கிழவர் சேற்றில் கிடந்து இரத்தத்தையும் பற்களையும் துப்பிக்கொண்டிருந்தார்.

"பிரிட்மார்னு ஒருத்தன்தான் இருந்தான். சபையில அதைச் சொல்லிட்டுப் போ. உசுரு மிஞ்சும்," என்றான் தூரோல்ட், குதிரைமேல் இருந்தபடியே.

பிரிட்மார் என்ற பெயரில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஐந்து ஊர்களுக்குச் சொந்தக்காரரான பெரிய பிரிட்மார், பிரெஞ்சுக்காரர்கள் கடல் தாண்டி வந்தபோது போரில் செத்தார். அவர் சொத்து முழுவதும் தூரோல்டின் எஜமானுக்குப் போனது. இன்னொருவர் சேவருவின் அப்பா. ஓடைக்கரையில் ஒரே ஒரு வயல். ஆனால் எவனுக்கும் கைகட்டி நிற்காத வயல். இருவரையும் ஒருவராக்கிவிட்டால் அந்த வயலும் எஜமானுக்குத்தான். நாடெங்கும் யார் நிலம் யாருடையது என்று ராஜாவின் ஆட்கள் எழுதிக்கொண்டு வந்த நேரம் அது.

"நீங்க வர வேணாம் மாமா. வயல் போனாப் போகுது."

ஓர்ட்கார் அவள் தோளைப் பிடித்து எழுந்து சபைக்கு நடந்தார்.

சபை கூடிய ஓக் மரத்தடியில் ராஜாவின் எழுத்தர் கேட்டார்: "பிரெஞ்சுக்காரங்க வர்றதுக்கு முன்ன, எட்வர்ட் ராஜா காலத்துல ஓடைக்கரை வயல் யாருது?"

சத்தியம் செய்திருந்த ஊரார் தரையைப் பார்த்தார்கள். ஓர்ட்கார் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டார்.

"சின்ன பிரிட்மாருது. நொண்டி. காய்ச்சல்ல செத்தான். குழி வெட்டுனதே நான்தான்."

"பல்லில்லாத வாய்க்குச் சாட்சி ஒரு கேடா?" என்றான் தூரோல்ட்.

"பல்லை உடைச்சதே நீதானடா, நாயே!" என்று கத்தினாள் சேவரு.

அவன் கத்தியை உருவிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தான். கிழவர் குறுக்கே விழுந்தார். கத்தி அவர் விலாவில் பிடிவரை இறங்கியது. சேவரு தூரோல்டின் மணிக்கட்டைக் கவ்வினாள். எலும்பு பல்லில் தட்டியும் விடவில்லை. ராஜாவின் வீரர்கள்தான் அவளைப் பிய்த்தெடுத்து அவனைக் கட்டிப்போட்டார்கள்.

சத்தியம் செய்தவர்களில் மாவு ஆலைக்காரன் முதலில் வாய் திறந்தான். "ரெண்டு பிரிட்மார் இருந்தாங்க ஐயா. சாமி சத்தியமா."

"ஆமா, ரெண்டு பேரு," என்றான் பக்கத்தில் நின்றவன். பிறகு எல்லோரும் சொன்னார்கள். எழுத்தர் இரண்டு பெயர்களையும் தனித்தனியே எழுதி முடிக்குமுன் சேவருவின் மடியில் ஓர்ட்காரின் மூச்சு நின்றது.

வயல் அவளுக்கே நின்றது. அறுவடைக்குள் எஜமான் அபராதம் கட்டித் தூரோல்டை மீட்டுக்கொண்டு வந்துவிட்டான். அதன்பிறகு சேவரு இடுப்பில் கோடரி இல்லாமல் ஒருநாளும் உழப் போனதில்லை.